காற்றாலையும் மானியமும்: ஒரு வரலாற்று நோக்கு

அரசு ஒரு தொழிலை வளர்க்க விரும்பின் அதற்கு மானியம் அளிப்பது வழமை. அளித்ததை எப்போது, எவ்விதம் நிறுத்துவது என்பதே கடினமான வினா. மீள்புதுப்பிக்கத்தக்க மின்னுற்பத்தியைப் பொறுத்தவரை இவ்வினாவை ஆராய முற்படுவோர்க்குத் தமிழ்நாட்டுக் காற்றாலைகளின் வரலாறு பெரிதும் துணைபுரியும்.

1986ஆம் ஆண்டில் தூத்துக்குடியிற் பரீட்சார்த்தக் காற்றாலைகள் நிறுவப்பட்டன. பின்னர், ஆரல்வாய்மொழிக் கணவாயினூடாக வீசும் தென்மேற்குப் பருவக்காற்று முப்பந்தலை இத்தொழிலின் தலைநிலமாக்கியது. ஆயினும் காற்று மட்டுமே இம்மாற்றத்தை விளைத்ததெனக் கூறுதல் பொருந்தாது. இந்திய அரசு வருமானவரியில் வழங்கிய விரைவுத் தேய்மானச் சலுகையே முதலீட்டை ஈர்த்தது. காற்றாலையின் விலையிற் பெரும்பகுதியை முதலாண்டிலேயே வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ள அது இடமளித்தது. தொண்ணூறுகளில் 100 வீதமாயிருந்த இச்சலுகை பின்னர் 80 வீதமாயிற்று. கோவைப் பகுதி நூற்பாலை உரிமையாளர் பலர் காற்றாலைகளுக்கும் உரிமையாளராயினர்.

இச்சலுகையில் ஒரு குறை இருந்தது. அது காற்றாலையை நிறுவியமைக்கே பயனளித்தது, மின்சாரம் பிறப்பித்தமைக்கன்று. எனவே, இச்சலுகையைப் பெறாதோர்க்கு அலகொன்றுக்கு 50 காசு வழங்கும் உற்பத்தி ஊக்கத்தொகை 2009 டிசெம்பரில் அறிமுகமாயிற்று.

2012 மார்ச் 31ஆந் திகதியுடன் இரண்டும் ஒருங்கே முடிவுற்றன. 2011–12இல் இந்தியா முழுவதிலும் ஏறத்தாழ 3,200 மெகாவாற்று கொள்ளளவுடைய காற்றாலைகள் புதிதாக நிறுவப்பட்டன. மறு ஆண்டில் அத்தொகை ஏறத்தாழ 1,700 ஆக வீழ்ந்தது. 2013இல் ஊக்கத்தொகையும் 2014இல் தேய்மானச் சலுகையும் மீண்டன. 2017இல் முன்னையது மீண்டும் நின்றது. பின்னையது 40 வீதமாகக் குறைந்தது. அவ்வாண்டு பெப்ரவரியில் நடந்த ஏலத்தில் அலகின் விலை 3 ரூபா 46 காசாக இறங்கியது. வளர்ந்த தொழிலுக்கு ஊன்றுகோல் வேண்டாம் என்போரின் வாதத்தில் உண்மை உண்டென்பதை இது காட்டும். எனினும், ஏலமுறை வேரூன்றுமுன் பழைய முறை அகன்றமையால் அடுத்த நிதியாண்டிற் புதிய காற்றாலைகள் மூன்றிலொரு பங்காகச் சுருங்கின.

ஸ்பெயினின் அனுபவம் இதனினுங் கசப்பானது. 2007இற் சூரிய மின்சாரத்துக்குத் தாராள விலையை உறுதியளித்த அந்நாடு, 2013இல் ஏற்கெனவே இயங்கிவந்த நிலையங்களுக்கும் அவ்விலையை நீக்கியது. முதலீட்டாளர் பலர் சர்வதேச நடுத்தீர்ப்பு மன்றங்களை நாடினர்.

நமது நாட்டில் 2016 செப்ரெம்பரில் தொடங்கிய ‘சூரிய பல சங்கிராமய’ திட்டம் வேறொரு வழியைக் கைக்கொண்டது. கூரைமீது பிறக்கும் மின்சாரத்துக்கு முதல் 7 ஆண்டுகள் அலகொன்றுக்கு 22 ரூபாவும், அடுத்த 13 ஆண்டுகள் 15 ரூபா 50 சதமும் என அது நிர்ணயித்தது. சலுகை குறையும் நாள் ஒப்பந்தத்திலேயே பொறிக்கப்பட்டிருந்தது. கல்முனையிலோ விநாயகபுரத்திலோ கடன்பெற்றுத் தன் கூரையிற் சூரியத் தகடு பதிக்கும் ஒருவருக்கு இத்தகைய முன்னறிவு இன்றியமையாதது. அவரது கடன்தவணை அரசின் கொள்கை மாற்றத்துக்கேற்ப மாறுவதன்று.

மானியம் என்றும் நிலைக்க வேண்டுமென எவரும் வாதிடார். பொதுப்பணத்துக்கு எல்லையுண்டு, மானியத்தின் சுமையை ஈற்றிற் சுமப்போர் கூரைத்தகடு வாங்க இயலாத ஏழைகளுமாவர். ஆயின் புதியோர்க்கு மானியத்தை நிறுத்துதல் கொள்கை மாற்றம். அதனை நம்பி முன்னரே முதலிட்டோர்க்கு நிறுத்துதல் வாக்குத் தவறுதல். இவ்வேறுபாட்டை மறக்கும் அரசின் அடுத்த அழைப்பை மக்கள் எளிதில் நம்பார்.