வற்றிய கண்ணீரின் வரலாறு

1930-ஆம் ஆண்டில், கண் எரிச்சலும் வாய் வறட்சியும் மூட்டுவாதமும் ஒருங்கே கொண்டு வந்த ஒரு நடுத்தர வயது மாதைப் பரிசோதித்த ஹென்ரிக் ஷோக்ரென் என்னும் ஸ்வீடன் தேசத்து இளம் வைத்தியர், இம்மூன்றும் தற்செயலாய்க் கூடியவை அல்லவென்று ஐயுற்று, அத்தகையோரைத் தேடித் தேடி ஆராய்ந்து, 1933-இல் 19 ஸ்திரீகளின் நோய் விருத்தாந்தத்தை ஆராய்ச்சி நூலாகச் சமர்ப்பித்தார்.

ஓட்டோ ஷிர்மர் என்னும் ஜெர்மானியர் 1903-இலேயே கண்ணீர் வறட்சியை அறிய ஒரு பரீட்சை வகுத்திருந்தார். வடிதாள் கீற்றொன்றின் நுனியை மடித்துக் கீழிமைக்குள் செருகி, 5 நிமிஷம் கழித்து எவ்வளவு தூரம் ஈரம் ஊறியிருக்கிறதென்று அளப்பார்கள். 5 மில்லிமீட்டர்கூட நனையாவிட்டால் வறட்சி கடுமையானது. இத்தனை எளிய உபாயம் இன்றளவும் வழக்கொழியவில்லை.

ஷோக்ரெனின் நூலை மதிப்பிட்ட பண்டிதர்களோ, பல்கலைக்கழக ஆசிரியப் பதவிக்கு அது போதாதென்று கைவிரித்துவிட்டார்கள். (பண்டித சபைகளின் சுபாவம் எத்தேசத்திலும் ஒன்றுதான் போலும்!) அவரும் யென்ஷோபிங் நகரத்து ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தார். 1943-இல் ஆஸ்திரேலிய வைத்தியர் ஒருவர் அந்நூலை ஆங்கிலத்தில் பெயர்த்த பின்னரே உலகம் திரும்பிப் பார்த்தது. இந்நோயில், உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே கண்ணீர்ச் சுரப்பிகளைத் தாக்குகிறதென்பது பின்னாளில் துலங்கிற்று. சிகிச்சையில், செயற்கைக் கண்ணீரோடு, இருக்கும் சொற்ப ஈரமும் வடிந்துவிடாதபடி இமையோரத்துத் துவாரத்தைச் சிறு முளையால் அடைக்கும் முறையும் 1975-இல் சேர்ந்தது.