கடலில் விழுந்த சாம்பல்

சட்டியில் கொதிக்கும் மீனுக்கும் அணுகுண்டுக்கும் என்ன தொடர்பு என்று கேட்பீர்கள். 1954 மார்ச் 1-ஆம் நாள் அமெரிக்கா பிக்கினித் தீவில் ஹைட்ரஜன் குண்டை வெடித்துச் சோதித்தது. தொலைவில் சூரை மீன் பிடித்துக்கொண்டிருந்த ஜப்பானியப் படகின்மேல் வெண்சாம்பல் பொழிந்தது. படகிலிருந்த 23 பேரும் நோயுற்றனர். ஒருவர் அவ்வாண்டே மாண்டார்.

அவர்கள் கொணர்ந்த மீனிலும் கதிரியக்கம் இருந்தது. மக்கள் மீன் வாங்க அஞ்சினர். மீனவர் பிழைப்புக் கெட்டது. பிறகு துறைமுகங்களில் கருவி வைத்துச் சோதித்து, தீய மீனைக் கழித்தார்கள்.

1946 முதல் அணுக்கழிவைப் பீப்பாய்களில் அடைத்துக் கடலில் போட்டும் வந்தனர். 1993-இல்தான் நாடுகள் கூடி அதை முற்றாகத் தடுக்க முடிவு செய்தன.

கதிரியக்கம் கண்ணுக்குத் தெரியாது, சமைத்தாலும் அழியாது. அளந்தே அறியவேண்டும். ஆகவே, வதந்தியை நம்பி மீனை ஒதுக்கவும் வேண்டாம். சோதனையை அலட்சியம் செய்யவும் வேண்டாம்.