சொல்லின்றி ஒரு சாட்சியம்

பாட்டால் பயன் என்ன? பசித்தவனுக்குச் சோறாகுமா, அடிபட்டவனுக்குக் கேடயமாகுமா என்று கேட்போர் உண்டு. அவர்கள் முன் ஓர் இசைத்தட்டை வைக்கிறோம். சாக்சபோன் மேதை ஜான் கோல்ட்ரேன் 1964-ல் அளித்த 'லைவ் அட் பேர்ட்லாண்ட்' என்னும் ஜாஸ் இசைத்தட்டு அது.

பேர்ட்லாண்ட், நியூயார்க் நகரின் பிராட்வே வீதியில் 1949-ல் திறக்கப்பட்ட இசைக்கூடம். கறுப்பர் கண்ட இசையைக் கேட்க வெள்ளையரும் அங்கே வந்தனர். ஆனால், இசையை ஏற்ற நாடு இசைத்தவனை ஏற்றதா? 1959 ஆகஸ்டில், அந்தக் கூடத்தின் வாயிலில் நின்றிருந்த டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிசைப் போலீசார் தடியால் அடித்தனர். பலகையில் அவர் பெயர். தலையில் அவர்கள் தடி! இதுதான் அன்றைய அமெரிக்கா.

1963 செப்டம்பர் 15, ஞாயிற்றுக்கிழமை. அலபாமா மாநிலத்தின் பர்மிங்காம் நகரில், உரிமைப் போராட்டத்தினர் கூடுமிடமாயிருந்த பதினாறாம் தெருத் தேவாலயத்தில் கூ கிளக்ஸ் கிளான் வெறியர்கள் வைத்த குண்டு வெடித்தது. நான்கு சிறுமியர் மாண்டனர். மூவருக்கு வயது 14, ஒருத்திக்கு 11. அவர்கள் செய்த குற்றம் யாது? கறுப்பராய்ப் பிறந்தது!

இருபத்து மூன்று நாள் கழித்து, அக்டோபர் 8 அன்று, பேர்ட்லாண்டில் கோல்ட்ரேன் வாசித்தார். பியானோவில் மெக்காய் டைனர், பாஸ் கருவியில் ஜிம்மி காரிசன், முரசில் எல்வின் ஜோன்ஸ். அன்று பதிவானவை மூன்று பாடல்கள். 'ஆஃப்ரோ புளூ' புயலாய்ச் சுழன்றது. மற்றொரு பாடலின் இறுதியில் துணைக்கருவிகள் யாவும் ஓய, அவருடைய சாக்சபோன் மட்டும் நெடுநேரம் தனித்துப் பேசிற்று.

இசைத்தட்டின் உயிர்நாடியோ அந்தக் கூடத்தில் பிறந்ததன்று. நவம்பர் 18-ல் நியூஜெர்சியின் பதிவு நிலையமொன்றில் வாசித்த 'அலபாமா' அது. ஏறத்தாழ ஐந்து நிமிடம். ஒரு சொல்லும் இல்லை. பியானோவின் அடிக்குரல் இடியாய் உறும, அதன்மேல் சாக்சபோன் ஒப்பாரியாய் எழுகிறது. முரசு மெல்ல மெல்லப் பொங்குகிறது. பெயரைத் தவிர வேறு விளக்கம் வேண்டுமா?

கொலைகாரரை நீதி எப்போது தொட்டது? முதல்வனுக்கு 1977-ல் தண்டனை, அடுத்தவனுக்கு 2001-ல், மூன்றாமவனுக்கு 2002-ல். நான்காமவன் எனக் கருதப்பட்டவன் வழக்கையே காணாமல் 1994-ல் மாண்டான். கோல்ட்ரேன் இவற்றில் எதையும் காணவில்லை. 1967-ல், நாற்பதாம் வயதில் மறைந்தார்.

இசை விலங்கு பூட்டாது, தோழர்களே! அதை மறுக்கவில்லை நாம். ஆனால், வழக்குமன்றம் உறங்கிய அந்தப் பதினான்கு ஆண்டுகளிலும் இந்த இசைத்தட்டு உறங்கவில்லை. சுழன்றபோதெல்லாம் அது சாட்சி சொல்லிற்று. கொடுமையை மறக்கச் செய்யும் கலை உண்டு. மறக்கவிடாத கலையும் உண்டு. நமக்கு வேண்டியது எது? எண்ணிப் பாருங்கள்!