காராய் இரும்புப் பாலமும் காப்புப் பூச்சும்

மலேசியத் தமிழர்தம் உழைப்பின் வரலாறு பெரும்பாலும் ரப்பர்த் தோட்டங்களை நடுவமாகக் கொண்டே எழுதப்பட்டுள்ளது. இரயில் பாதை அமைத்ததும் ஓரளவு பேசப்படுகின்றது. அமைத்தவற்றைக் கெடாமற் காத்த உழைப்போ போதிய கவனம் பெறவில்லை. சுங்கை சிப்புட்டுக்கு அண்மையில், காராயில் பேராக் ஆற்றைக் கடக்கும் விக்டோரியா பாலம் இவ்வகையில் எண்ணத்தக்கது.

வெள்ளீயத் தொழிலின் தேவைக்காக 1897 டிசம்பரில் தொடங்கிய அதன் கட்டுமானம் 1900 மார்ச்சில் நிறைவுற்றது. செங்கல் தூண்கள் தாங்கும் இரும்புச் சட்டகப் பாலம் அது. ஆற்றின் ஈரமும் அடைமழையும் சேர்ந்த பேராக்கில் பூச்சற்ற இரும்பு விரைவில் துருவேறும். அக்காலத்து இரும்புப் பாலங்களுக்கு ஆளிவிதை எண்ணெயில் குழைத்த காரீயச் செஞ்சாயத்தை அடிப்பூச்சாக இடுவது பொது வழக்கு. (நம் பேச்சில் 'ஈயம்' வெள்ளீயத்தையே குறிப்பதால் இவ்வேறுபாடு கருதத்தக்கது.) காரீயம் எண்ணெயின் அமிலங்களோடு கூடித் துருவேறும் வினையைத் தடுக்கும்; அதன் தூளோ நஞ்சு.

பூச்சின் ஆயுளைப் பெரிதும் தீர்மானிப்பது சாயத்தின் விலையன்று. பூசுமுன் பரப்பைத் துப்புரவு செய்யும் பாங்கேயாகும். தகடுகள் இணையுமிடத்திலும் தறையாணித் தலைகளைச் சுற்றியும் நீர் தங்கும். அங்கெல்லாம் துருவைச் சுரண்டிக் கம்பித் தூரிகையால் தேய்த்தல் வேண்டும். ஐக்கிய மலாய் மாநிலங்களின் இரயில்வேயில் இத்தகைய கீழ்நிலைப் பணிகளில் தமிழர் மிகுந்திருந்தனர். பாலம் பற்றிய குறிப்புகளில் பொறியாளர் பெயர்கள் உள. சுரண்டியவர் பெயர்கள் இல.

எல்லா இடத்திற்கும் ஒரே பூச்சுப் பொருந்தாது. சூழலின் அரிக்குந் தன்மைக்கேற்பப் பூச்சைத் தெரிவுசெய்யும் நெறியை 1998இல் வெளிவந்த ஐ.எஸ்.ஓ. 12944 தரநிலை வகுத்தது. கடலுப்பில் நின்ற 1914ஆம் ஆண்டுப் பாம்பன் பாலத்தில் இரயில் போக்குவரத்து 2022இல் நின்றது; 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட புதிய பாலத்திற்குப் பாலிசிலாக்சேன் பூச்சு இடப்பட்டது. காராய் ஆற்றுநீர்ச் சூழல். அதற்கு அத்துணைக் கடுமையான காப்பு வேண்டுவதில்லை. ஆனால் இடையறாத பராமரிப்பு வேண்டும்.

2002இல் அருகே எழுந்த கான்கிரீட் பாலம் இரயில்களை ஏற்றது. வண்டி ஓடாத பாலத்திற்குப் பூச்சுச் செலவை நியாயப்படுத்துவது எளிதன்று. புதுப்பிக்க முன்வருவோரும் பழம்பூச்சு முழுவதையும் மணல் பீய்ச்சி அகற்றவே விழைவர். அதனாற் காரீயத் தூள் ஆற்றில் கலக்கக்கூடும். அடுக்கடுக்காகப் படிந்த பராமரிப்புச் சான்றும் அழியும். எனவே அகற்றுமுன் பூச்சின் குறுக்குவெட்டு மாதிரிகளை எடுத்து வைத்தல் இன்றியமையாதது. அவற்றைச் சுரண்டுகோல் எளிதிற் புகாத தகட்டு இடுக்குகளிலேயே தேடுதல் தகும்.