எழுவர் ஆட்டமும் வர்க்க வேலியும்: ரொஸ்லின் பார்க் பாடசாலைப் போட்டி பற்றிய ஒரு நோக்கு

திறமை தனிமனிதனோடு உடன்பிறந்தது, தக்க களம் கிடைப்பின் தானே வெளிப்படும் என்பது விளையாட்டுலகில் ஆழ வேரூன்றிய கருத்தாகும். இலக்கிய விமர்சனத்தில் ‘மேதை’ என்னும் சொல் விளைவிக்கும் மயக்கத்தையே இங்கு ‘திறமை’ என்னும் சொல்லும் விளைவிக்கின்றது. களத்தை அமைத்தவர் யார், அதன் வாயில் எவருக்குத் திறந்திருந்தது என்னும் வினாக்களை அது மறைத்துவிடுகிறது. இலண்டனில் ரொஸ்லின் பார்க் கழகம் 1939ஆம் ஆண்டு தொடக்கிய, பாடசாலை மாணவருக்கான, அணிக்கு எழுவர் கொண்ட றக்பிப் போட்டியை இவ்வினாக்களின் ஒளியில் நோக்குவது பயனுடையது எனக் கருதுகிறோம்.

றக்பி ஆட்டத்தின் விதிகள் 1845இல் றக்பிப் பாடசாலை மாணவராலேயே எழுத்தில் தொகுக்கப்பட்டன. 1828 தொடக்கம் 1842 வரை அங்கு அதிபராயிருந்த தோமஸ் ஆர்னல்ட் விளையாட்டிற் பெரும் அக்கறை கொண்டவரல்லர். கிறித்தவக் கனவான்களை உருவாக்குதலே அவரது நோக்கமாயிருந்தது. ஆயினும் அவரிடம் பயின்ற தோமஸ் ஹியூஸ் 1857இல் வெளியிட்ட ‘டொம் பிறவுணின் பாடசாலை நாட்கள்’ என்னும் நாவல், விளையாட்டுத் திடலை ஒழுக்கத்தின் பயிற்சிக்களமாகச் சித்திரித்தது. இலக்கியம் கருத்தியலைப் பிரதிபலிப்பதோடு அமையாது அதனை ஆக்கவும் செய்யும் என்பதற்கு இந்நாவல் தக்க சான்றாகும்.

இக்கருத்தியலின் மறுபக்கமே ஊதியமின்மைக் கோட்பாடு. உழைத்துண்ணத் தேவையற்றவனுக்கு ஊதியமின்றி ஆடுதல் பெருந்தன்மை. சுரங்கத்திலும் ஆலையிலும் உழைப்பவனுக்கோ அது கூலியிழப்பு. இம்முரண்பாடு முற்றியபோது, 1895இல், வட இங்கிலாந்துக் கழகங்கள் ஹடர்ஸ்பீல்டிற் கூடித் தனி ஒன்றியம் அமைத்தன. ஆட்டத்துக்காக வேலையை இழப்பவனுக்கு நாளொன்றுக்கு ஆறு சிலிங் வரை ஈடுசெய்தலே அவை வேண்டிய உரிமை. அன்று பிளவுபட்ட றக்பி இன்றும் இரு வேறு ஆட்டங்களாகவே நிலவுகின்றது.

எழுவர் ஆட்டத்தின் பிறப்பு, கனவான் மரபுக்கு வெளியே நிகழ்ந்தமை மனங்கொளத்தக்கது. 1883இல் ஸ்கொத்லாந்தின் மெல்றோஸ் என்னும் சிற்றூரில், இறைச்சிக்கடையிற் பணிபுரிந்த நெட் ஹேய்க் என்பவர், கழகத்தின் பணமுடையைத் தீர்க்கும் வழியாக இதனை முன்மொழிந்தார். பதினைவர் கொண்ட அணிகளைக் கொண்டு ஒரே பிற்பகலிற் பல ஆட்டங்களை நடத்தல் இயலாது. எனவே ஆட்டக்காரர் தொகை எழுவராயிற்று. தேவையே இவ்வடிவத்தின் தாய்.

ஐம்பத்தாறு ஆண்டுகளின் பின், உலகப்போர் மூளுவதற்குச் சில மாதங்களே இருந்த வேளையில், அவ்வடிவம் ரொஸ்லின் பார்க் திடலிற் பாடசாலைப் போட்டியாயிற்று. பதினைவருக்குரிய பரந்த திடலில் எழுவரே ஆடும்போது எவனும் கூட்டத்துள் மறைந்துகொள்ள இயலாது. ஓட்டம், பந்து கைமாற்றல், எதிரியை மடக்கல், நொடியில் முடிவெடுத்தல் ஆகிய யாவும் வெட்டவெளிச்சமாகின்றன. ஒவ்வொரு பாதியும் ஏழு நிமிடமே. ஒரே நாளிற் பல ஆட்டங்கள். இளந்திறமையை இனங்காண்பதற்கு இத்துணைப் பொருத்தமான களம் அரிது. அரசாங்கப் பாடசாலைகளும் பங்குபற்றிய இப்போட்டியிற் பிற்காலத்தில் மாணவியரும் இடம்பெற்றனர். இதன் முற்போக்கான அம்சத்தை நாம் குறைத்து மதிப்பிடவில்லை.

எனினும் களத்துக்கு வரும் பாதை எத்தகையது என்பதையும் நோக்குதல் வேண்டும். 1947இற் பிறந்த கரெத் எட்வேட்ஸ் வேல்ஸ் நாட்டுச் சுரங்கத் தொழிலாளி ஒருவரின் மகன். பொன்டர்டோவே தொழினுட்பப் பாடசாலையில் அவரது ஆற்றலைக் கண்ட ஆசிரியர் பில் சாமுவேல் பெரிதும் முயன்று, மில்பீல்ட் என்னும் கட்டணப் பாடசாலையிற் புலமைப்பரிசில் கிடைக்கச் செய்தார். அப்பாடசாலை அணியினருள் ஒருவராக எட்வேட்ஸ் ரொஸ்லின் பார்க்கில் ஆடினார். 1967இல் வேல்ஸ் அணியில் இடம்பெற்று, 1978 வரை தொடர்ச்சியாக 53 சர்வதேச ஆட்டங்களில் விளையாடினார். ஓய்வுபெற்றபின் தம் வாழ்க்கை வரலாற்றை நூலாக்கி அதற்குரிய பணத்தை ஏற்றமையால், ஊதியமின்மை விதியின்கீழ் அவர் ஆட்டத்தினின்றும் விலக்கப்பட்டார். தன் கால்களின் உழைப்புக்கு எதுவும் பெறாதவன், அதுபற்றி எழுதிப் பெற்றதும் குற்றமாயிற்று.

ஒருவர் மேலே சென்றதைக் காட்டி வாயில் யாவருக்கும் திறந்துள்ளது என வாதிடுவர். ஆயின் ஆசிரியர் ஒருவரின் விடாமுயற்சியும் கட்டணப் பாடசாலையொன்றின் தயவும் அவருக்கு வேண்டியிருந்தன என்பதே எமக்கு முக்கியமானது. அத்தகைய ஆசிரியர் வாய்க்காத சுரங்கத் தொழிலாளரின் பிள்ளைகளை எந்தப் பதிவேடும் குறித்து வைக்கவில்லை.

1995இல் ஊதியத் தடை நீக்கப்பட்டது. வேலி அகன்றதா? இங்கிலாந்தில் கட்டணப் பாடசாலைகளிற் பயில்வோர் நூற்றுக்கு ஏறத்தாழ எழுவரே. தேசிய றக்பி அணியிலோ அவர்களின் பங்கு இவ்விகிதத்தைப் பன்மடங்கு விஞ்சி நிற்கின்றது. வேலி தன் உருவை மாற்றிக்கொண்டதேயன்றி அகலவில்லை. திடலும் பயிற்றுநரும் ஓய்வுநேரமும் உள்ள இடத்திலேயே திறமை ‘வெளிப்படுகின்றது’.

1945 முதல் ரோயல், திரித்துவக் கல்லூரிகள் பிராட்பி கேடயத்துக்காக மோதும் எமது நாட்டினருக்கும் இவ்வரலாறு அந்நியமானதன்று. இளந்திறமையை வளர்த்தல் என்பது சிறந்தோரைத் தெரிந்தெடுப்பதோடு முடிவதில்லை; தெரிவுக்குரியோரின் வட்டத்தை விரிப்பதே அதன் முதற்பணி என்பது எமது முடிபாகும்.