பெரும்பாடுள்ளவளின் சாட்சி

கும்மிடிப்பூண்டியில் சுவர்கள் காலியாக இருப்பதில்லை. ஆள் எடுக்கும் காண்ட்ராக்டரின் நோட்டீஸ், மனை விற்பனை, மூல நோய்க்கு ஒரே நாளில் சிகிச்சை, இவற்றுக்கு நடுவில் சுகமளிக்கும் கூட்டத்தின் சுவரொட்டி. அதில் ஒரு பட்டியல் இருக்கும்: புற்றுநோய், சர்க்கரை, குழந்தையின்மை, குடிப்பழக்கம், கடன் தொல்லை, பில்லிசூனியக் கட்டு. அந்தப் பட்டியலில் மாதவிடாய்க்கால மிகை இரத்தப்போக்கை நான் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. ஆனால் என் சிறு வயதில் அம்மாவோடு உட்கார்ந்த வெள்ளிக்கிழமை உபவாச ஜெபங்களில், பெண்கள் பாஸ்டரம்மாவின் காதருகில் குனிந்து சொன்னது பெரும்பாலும் அதைத்தான். அச்சில் ஏற்ற முடியாத நோய் அது.

அம்மாவுக்கும் அதுவே. நான்கு வருடங்கள். சிப்காட்டில் ஒரு கம்பெனியில் பேக்கிங் பிரிவில் இருந்தார், காண்ட்ராக்ட் வேலை. ஒரு ஷிப்டில் இரண்டு முறைக்கு மேல் கழிப்பறைக்குப் போனால் சூப்பர்வைசர் கடிகாரத்தைப் பார்ப்பார். அம்மா கறுப்புப் பாவாடையும் பழைய வேட்டித் துணியுமாகச் சமாளித்தார். வேன் சீட்டில் பிளாஸ்டிக் கவர் விரித்து உட்காருவார். இதையெல்லாம் எனக்கு வெகுநாள் கழித்துத்தான் சொன்னார். அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம் சபையில் அவருக்குப் பிடித்த கதை எது என்பது மட்டும். மாற்கு ஐந்தாம் அதிகாரம், பன்னிரண்டு வருடமாக இரத்தம் போய்க்கொண்டிருந்த பெண்ணின் கதை.

புராட்டஸ்டண்ட் சபைகளில் இன்றும் வாசிக்கும் பழைய தமிழ் வேதாகமம் அவளைப் ‘பெரும்பாடுள்ள’ ஸ்திரீ என்கிறது. பெரும்பாடு என்பது நம் நாட்டு வைத்தியத்தில் மிகை இரத்தப்போக்குக்கு வழங்கும் பெயர். மொழிபெயர்ப்பாளர் ஒரு வைத்தியச் சொல்லைத்தான் போட்டார். ஆனால் தமிழில் ‘பாடு’ சும்மா இருக்கிற சொல்லா? வயிற்றுப்பாடு, படாத பாடு, பெண்பாடு. சிலுவையில் இயேசு பட்டதற்கும் தமிழ்க் கிறிஸ்தவர்கள் சொல்வது ‘பாடுகள்’தான். ஓர் உறவு, அந்தப் பெண்ணின் இரத்தத்துக்கும் சிலுவையின் இரத்தத்துக்கும், தமிழில் தானாகவே விழுந்துவிட்டது. கத்தோலிக்கரும் புராட்டஸ்டண்டுகளும் சேர்ந்து செய்த பொது மொழிபெயர்ப்பில் இந்தச் சொல் இல்லை, ‘இரத்தப்போக்கு’ வந்துவிட்டது. மருத்துவமனைப் பதிவேட்டுக்கு அது சரியான சொல். எனக்கு என்னவோ பழையதுதான் பிடித்திருக்கிறது.

கதை சுருக்கமாக இதுதான். யவீரு என்ற ஜெப ஆலயத் தலைவரின் மகள் சாகக் கிடக்கிறாள், வயது பன்னிரண்டு. இயேசு அங்கே போகிற வழியில் கூட்டம் நெருக்குகிறது. பன்னிரண்டு ஆண்டுகளாக இரத்தம் போகும் பெண் பின்னால் வந்து அவருடைய வஸ்திரத்தைத் தொடுகிறாள். இரத்தம் நிற்கிறது. அவரிடமிருந்து வல்லமை புறப்பட்டதை உணர்ந்து, தொட்டது யார் என்று கேட்கிறார். அவள் நடுங்கியபடி முன்னால் வந்து நடந்ததை முழுக்கச் சொல்கிறாள். அவர் அவளை ‘மகளே’ என்று அழைத்து அனுப்புகிறார்.

மருத்துவர்களிடம் அவள் பட்ட பாட்டை மாற்கு ஒளிக்காமல் எழுதுகிறார்: கையில் இருந்ததெல்லாம் செலவாயிற்று, நோயோ முன்னைவிட மோசமாயிற்று. இதே கதையை லூக்காவும் சொல்கிறார். மரபுப்படி அவர் ஒரு வைத்தியர். மோசமானது என்ற பகுதி மட்டும் அவர் கணக்கில் காணோம்.

வரலாறு படித்தவள் என்ற முறையில் எனக்கு அற்புதம் நடந்ததா இல்லையா என்பதைவிட, அதை யார் என்ன செய்தார்கள் என்பதே முக்கியமாகப் படுகிறது. இந்த ஒரு பெண்ணை வைத்துத் திருச்சபை செய்தவற்றைப் பாருங்கள். மூன்றாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவின் ஆயர் தியோனீசியுவிடம், மாதவிடாய்ப் பெண்கள் ஆலயத்துக்குள் வரலாமா என்று ஒருவர் கேட்டார். அவர் பதில்: பக்தியுள்ள பெண் தானே வரத் துணியமாட்டாள். சான்றாக இவளையே காட்டினார், அவள்கூட ஆண்டவரைத் தொடவில்லை, ஆடையின் ஓரத்தைத்தானே தொட்டாள் என்று. இங்கிலாந்துக்கு மதப்பணிக்கு அனுப்பப்பட்ட அகுஸ்தீன் இதே கேள்வியைக் கேட்டபோது, போப் கிரகோரியின் பெயரால் வழங்கும் 601ஆம் ஆண்டின் பதில் நேர் எதிராகப் போகிறது: இரத்தப்போக்கோடு இருந்தவள் ஆண்டவரின் ஆடையைத் தொட்டது புகழப்பட்டதே, அப்படியிருக்க மாதவிடாய்ப் பெண்ணை ஏன் தடுக்க வேண்டும்? பெண் ஒருத்தி, சான்று ஒன்று. ஒருவர் அவளைக் காட்டிக் கதவை மூடினார், மற்றவர் அவளைக் காட்டித் திறந்தார். இரண்டு இடத்திலும் அவளை யாரும் கேட்கவில்லை.

இன்னொன்று இதைவிடச் சுவையானது. ‘பிலாத்துவின் நடபடிகள்’ என்று வேதாகமத்தில் சேராத பழைய நூல் ஒன்று உண்டு. அதில் அவளுக்குப் பெயர் கிடைக்கிறது: கிரேக்கத்தில் பெர்னீக்கே, லத்தீனில் வெரோனிக்கா. இயேசுவின் விசாரணையில் அவள் தூரத்திலிருந்து கத்துகிறாள், எனக்கு இரத்தம் போய்க்கொண்டிருந்தது, தொட்டேன், நின்றது என்று. உடனே மறுப்பு வருகிறது: பெண்ணின் சாட்சியம் எங்கள் சட்டத்தில் செல்லாது. அதோடு அவள் பேச்சு முடிகிறது.

ஓர் எச்சரிக்கையையும் இங்கே சொல்ல வேண்டும். யூதச் சட்டம் இவளைத் தீட்டென்று ஒதுக்கியது, இயேசு விடுவித்தார் என்று கிறிஸ்தவப் பெண்ணியவாதிகள் நெடுநாள் எழுதிவந்தார்கள். நானும் கல்லூரியில் அப்படி ஒரு கட்டுரை எழுதியிருக்கிறேன். புதிய ஏற்பாட்டைப் படிக்கும் யூத அறிஞர் ஏமி-ஜில் லெவைன் இதைக் கடுமையாக மறுத்தார். லேவியராகமம் 15இல் தீட்டு விதிகள் உண்டு, உண்மை. ஆனால் மாற்குவின் கதையில் தீட்டு என்ற பேச்சே இல்லை, அவள் கூட்டத்தில் நுழைந்ததற்கு யாரும் முகம் சுளிக்கவும் இல்லை. பிறகு அந்தத் தீட்டு எங்கிருந்து வந்தது? நாம்தான் கொண்டுபோய் வைத்தோம் என்று நினைக்கிறேன். வீட்டுக்குத் தூரம் என்று மூலையில் உட்காரவைக்கப்பட்டவர்கள், சாதியின் பெயரால் தொடக்கூடாதவர்கள் என்று நிறுத்தப்பட்டவர்கள் அந்தக் கதையை வாசித்தால் தீட்டைப் பார்க்காமல் வேறு எதைப் பார்ப்பார்கள்? இந்த ஊரைச் சுற்றியுள்ள சபைகளில் பாதிக்கு மேல் தலித் குடும்பங்கள்தான் என்பது என் கண்ணுக்குத் தெரிந்த கணக்கு. தொட்டாள் என்ற வினைச்சொல் அவர்கள் காதில் விழும் விதமே வேறு.

தொடுவது என்று வரும்போது தமிழ்நாட்டில் அற்புதத்தின் பொருள் ஒரு முறை வெளிப்படையாகவே மாறியது. 1890களின் தொடக்கம், திண்டிவனம். அமெரிக்க மிஷனரி மருத்துவர் ஒருவரின் மகள் ஐடா ஸ்கடர், அப்போது மருத்துவம் படிக்காதவர். ஒரே இரவில் மூன்று ஆண்கள், ஒருவர் பிராமணர், ஒருவர் முஸ்லிம், இன்னொருவரும் சாதி இந்து, பிரசவத்தில் தவிக்கும் தங்கள் மனைவியருக்கு உதவ வாருங்கள் என்று அவரைக் கூப்பிட்டார்கள். அவருடைய அப்பா வருவார் என்றதற்கு, ஆண் கை படக்கூடாது என்று திரும்பிப் போனார்கள். மூன்று பெண்களும் இறந்தார்கள். ஐடா அமெரிக்கா போய் மருத்துவம் படித்து 1900இல் திரும்பினார், 1902இல் வேலூரில் மருத்துவமனை, 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி. வடசென்னையிலும் இதற்கு முன்பே ஒரு கதை உண்டு. ஸ்காட்லாந்திலிருந்து 1880களின் இறுதியில் வந்த மருத்துவர் மெடில்டா மெக்ஃபெயில் இராயபுரத்தில் பெண்களுக்காகத் தொடங்கிய சிகிச்சைதான் பிற்பாடு ரெய்னி ஆஸ்பத்திரி ஆயிற்று. கும்மிடிப்பூண்டி, பொன்னேரி, மீஞ்சூர் என்று எங்கள் மின்சார ரயில் போகும் வழியிலேயே அந்த வடசென்னை இருக்கிறது.

இந்த மிஷன் பெண்களை நான் புனிதர்களாக்கப் போவதில்லை. வெள்ளையர் என்ற மிதப்பு அவர்களில் பலருக்கு இருந்தது. மருந்துக்குக் காத்திருக்கும் நோயாளிக்கு வேதம் வாசித்துக் காட்டுவதும் மருத்துவத்தோடு சேர்ந்தே நடந்தது. ஆனாலும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். குணமாக்கும் கதைகளை அவர்கள் செய்ய வேண்டிய வேலையாக வாசித்தார்கள். இயேசு தொட்டார் என்றால் நம் கை எங்கே என்று கேட்டுக்கொண்டார்கள். அதே காலத்தில் ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களில் ஆண்கள் அற்புதம் இயற்கை விதிக்கு முரணா இல்லையா என்று விவாதித்துக்கொண்டிருந்தார்கள்.

அந்த விவாதம் 1748இல் டேவிட் ஹியூம் எழுதியதிலிருந்து நீள்கிறது. அவர் கேட்டது சாட்சியைப் பற்றித்தான்: அற்புதம் நடந்தது என்று சொல்பவர் நம்பத் தகுந்தவரா? அற்புதக் கதைகள் அறியாமை மிகுந்த, நாகரிகமற்ற மக்களிடையேதான் மிகுதி என்றும் எழுதிவைத்தார். 1941இல் ருடால்ஃப் புல்ட்மான், மின்விளக்கும் ரேடியோவும் பயன்படுத்திக்கொண்டே புதிய ஏற்பாட்டின் அற்புத உலகை நம்ப முடியாது என்றார். பாவம், அவர் கும்மிடிப்பூண்டிக்கு வந்ததில்லை. இங்கே உருக்காலையில் நைட் ஷிப்ட் முடித்த பெண் போனில் யூடியூப் ஜெபத்துக்கு நேராகத் தண்ணீர் பாட்டிலைப் பிடித்து, ஆமென் சொல்லிக் குடிப்பார். பழவேற்காட்டில் 1515லிருந்து இருப்பதாகச் சொல்லும் மகிமை மாதா கோயிலுக்கு இந்துப் பெண்களும் போய் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு, மறுநாள் ஸ்கேன் எடுக்கப் போவார்கள். நம்பிக்கையா அறிவியலா என்ற கேள்வி இவர்களுக்கு எழுவதே இல்லை. எது கையில் கிடைக்குமோ அதைத் தொடுகிறார்கள், மாற்குவின் பெண்ணைப் போல.

கிடைக்காமல் போவது வேறு. தேசியக் குடும்பநல ஆய்வின் 2019–21 கணக்கில் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேல் இரத்தசோகை உள்ளவர்கள். அதே 2019இல் தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளையின் செய்தியாளர்கள் தமிழ்நாட்டு ஆயத்த ஆடைத் தொழிலில் ஏறத்தாழ நூறு பெண்களிடம் பேசினார்கள். மாதவிடாய் வலி என்று சொன்னால் லீவு தராமல், பெயர் ஒட்டாத மாத்திரை ஒன்றைக் கையில் கொடுத்து மெஷினுக்குத் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். வலி நின்றுவிடுகிறது, யாரும் எதுவும் கேட்பதில்லை. அந்தச் செய்தியைப் படித்தபோது எனக்குச் சுவரொட்டிதான் நினைவுக்கு வந்தது.

சுகமளிக்கும் கூட்டம் மாற்குவின் கதையில் பாதியைத்தான் எடுத்துக்கொள்கிறது: தொட்டாள், நின்றது. மீதிப் பாதியில் இயேசு நிற்கிறார். ஒரு பெரிய மனிதரின் மகள் சாகக் கிடக்கையில், எல்லோரையும் காக்கவைத்து, பெயரில்லாத ஒருத்தி பேசி முடிக்கும்வரை நிற்கிறார். அவள் சொன்னதில் பன்னிரண்டு வருடமும் இருந்திருக்கும், மருத்துவர்களும் இருந்திருப்பார்கள், காலியான பணப்பையும் இருந்திருக்கும். இன்னொன்றையும் கவனித்தால் தெரியும். அவளைக் குணமாக்க வேண்டும் என்று அவர் முடிவெடுக்கவே இல்லை. அவருக்குத் தெரிவதற்கு முன்பே அவள் எடுத்துக்கொண்டாள். ‘யார் தொட்டது’ என்று அவரே கேட்க வேண்டியிருந்தது. மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் கற்பித்த, பெண்ணுரிமை இயக்கத்தில் உழைத்த கேப்ரியேல் டீட்ரிச் பெண்ணின் இரத்தத்தையும் நற்கருணையின் இரத்தத்தையும் ஒன்றாக வைத்து எழுதியபோது பலருக்கு அது நெருடியது. பெரும்பாடு என்ற சொல்லோடு வளர்ந்த எனக்கு நெருடவில்லை.

அம்மாவுக்குக் கடைசியில் சென்னை அரசு மருத்துவமனை ஒன்றில் கர்ப்பப்பையை எடுத்தார்கள். ஹீமோகுளோபின் ஆறுக்குக் கீழே போயிருந்தது. முதலில் ரத்தம் ஏற்றி, பிறகு அறுவை. தையல் பிரித்து ஒரு மாதம் கழித்து சபைக்குப் போனார். சாட்சி சொல்லச் சொன்னார்கள். அம்மா எழுந்து மைக்கை வாங்கி, கர்த்தருக்கு ஸ்தோத்திரம் என்று தொடங்கி, ஜெபித்தவர்களுக்கு நன்றி சொன்னார். பிறகு, “கம்பெனியில பாத்ரூம் போக விடல. ரெண்டு வருசம் மாத்திரை வாங்கித் தின்னேன். அப்புறம்தான் ஆஸ்பத்திரிக்குப் போனேன்” என்றார்.

பாஸ்டர் சிரித்த முகத்தோடு, “சிஸ்டர், கர்த்தர் செஞ்சத மட்டும் சொல்லுங்க” என்றார்.

“அதத்தான் சொல்றேன் பாஸ்டர். மூணு பாட்டில் ரத்தம் ஏத்துனாங்க. யார் யாரு குடுத்ததோ தெரியல. எந்த சாதியோ, எந்த மதமோ...”

கீபோர்டு வாசிக்கத் தொடங்கிவிட்டது. அல்லேலூயா என்று யாரோ கத்த, கூட்டம் கைதட்டியது. அம்மாவின் உதடுகள் இன்னும் கொஞ்ச நேரம் அசைந்துகொண்டிருந்தன. மைக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அடுத்த வெள்ளிக்கிழமையும் போனார். நான் போக வேண்டாம் என்றேன், கேட்கவில்லை. ஜெபம் முடிந்து செருப்பு மாட்டும்போது மூன்று பெண்கள் அம்மாவைச் சுற்றி நின்றார்கள். எந்தக் கிழமை ஸ்கேன் எடுக்கிறார்கள், காப்பீட்டு அட்டை வேண்டுமா, எத்தனை நாள் லீவு போட வேண்டியிருக்கும் என்று கேட்டார்கள். அம்மா ஒவ்வொன்றாகச் சொன்னார். கடைசி வேன் போய்விட்டது. நாங்கள் ஸ்டேஷன் வரைக்கும் நடந்தே வந்தோம்.