தருமபுரியின் நல்ல தண்ணி

என் அப்பா கிணறு வெட்டியவர். கடப்பாரை, சம்மட்டி, உளி, கூடை, வடக்கயிறு, இவ்வளவுதான் அவருடைய சொத்து. பாறை வந்துவிட்டால் குழியடித்துத் தோட்டா வைப்பார்கள். நல்லம்பள்ளி, பென்னாகரம் பக்கத்து மண்ணின் அடுக்குகளை அவர் விரலை மடக்கிச் சொல்வார்: மேலே செம்மண், அடுத்து மொரம்பு, அதற்கும் கீழே சுக்கான், பிறகு கருங்கல். கருங்கல்லில் வெடிப்பு எந்தப் பக்கம் ஓடுகிறது என்பதைச் சம்மட்டி அடிக்கும்போது எழும் ஓசையை வைத்தே கண்டுபிடிப்பார். அவர் காலத்தில் முப்பது, நாற்பது அடிக்குள் ஊற்று கண்டுவிடும். ஐம்பது அடி தொட்ட கிணறு என்றால் ஊரே வந்து எட்டிப் பார்க்கும். நான் ஆசிரியையாகிப் பிள்ளைகளுக்கு அறிவியல் நடத்த ஆரம்பித்த 1980களில் அந்தத் தொழில் ஏறக்குறைய முடிந்துபோயிருந்தது. லாரியில் வந்த இயந்திரம் ஒரே இரவில் இருநூறு அடி இறங்கிவிட்டு விடிவதற்குள் அடுத்த ஊருக்குப் போய்க்கொண்டிருந்தது.

எங்கள் மாவட்டத்தில் பல்லில் காவி ஏறி, கழுத்தும் முதுகும் விறைத்துப்போனவர்களைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் பாறையைக் குற்றம் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்கிறார்கள். பாறையில் ஃபுளோரைடு இருக்கிறது, அதனால் தண்ணீரிலும் இருக்கிறது, யார் என்ன செய்ய முடியும் என்கிறார்கள். நான் அப்படிப் பார்ப்பதில்லை. அதியமான் காலத்திலும் இங்கே இருந்தது இதே பாறைதான். அதற்குள் நாம் எவ்வளவு ஆழம் இறங்கினோம், எவ்வளவு வேகமாக இறங்கினோம், மேலே இருந்த தண்ணீரை என்ன செய்தோம் என்பதில்தான் இந்தக் கதை இருக்கிறது.

தகடூர் என்ற பெயரில் இந்த ஊர் சங்கப் பாடல்களில் வருகிறது. அதியமான் நெடுமான் அஞ்சியின் முன்னோர்தான் கரும்பை இங்கே கொண்டுவந்தவர்கள் என்று புறநானூற்றில் ஔவையார் சொல்லியிருக்கிறார். மழை குறைந்த மேட்டு நிலத்தில் கரும்பு விளைந்தது என்றால் அந்த மக்களுக்குத் தண்ணீரைத் தேக்கத் தெரிந்திருந்தது என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன். இன்றும் பாலக்கோட்டிலும் அரூர் கோபாலபுரத்திலும் கூட்டுறவு சர்க்கரை ஆலைகள் இருக்கின்றன. தருமபுரி நகரைச் சுற்றி இராமக்காள் ஏரி, அன்னசாகரம் ஏரி, சோகத்தூர் ஏரி என்று ஏரிகள் கிடக்கின்றன. வாணியாறு, சின்னாறு, தொப்பையாறு எல்லாம் மழை பெய்தால் ஓடும், பெய்யாவிட்டால் மணலாய்க் கிடக்கும். அந்தக் கொஞ்ச நாள் வெள்ளத்தைப் பிடித்துவைத்து, கீழே இருக்கும் கிணறுகளுக்கு ஊறவிட்டவை ஏரிகள்தாம். ஏரி நிறைந்த வருடம் கிணறும் நிறையும் என்பது எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கும் தெரிந்த கணக்கு.

1792இல் திப்பு சுல்தானிடமிருந்து, எங்கள் பகுதி அடங்கிய பாராமகால் கிழக்கிந்தியக் கும்பினியாரின் கைக்குப் போனது. அலெக்சாண்டர் ரீடும் அவருக்கு உதவியாக வந்த தாமஸ் மன்றோவும் நிலத்தை அளந்து வரி விதித்தார்கள். பிற்காலத்தில் மாகாணம் முழுக்கப் பரவிய ரயத்துவாரி முறைக்கு விதை விழுந்தது இங்கேதான். மன்றோவின் நினைவுத் தூண் தருமபுரி நகரில் இன்றும் நிற்கிறது. நிலத்தின் விலையை இங்கே தண்ணீர்தான் தீர்மானித்தது. ஏரி பாயும் நஞ்சைக்கு ஒரு வரி, வானம் பார்த்த புஞ்சைக்கு வேறு வரி.

மேற்கே காவிரி ஓடுகிறது. ஆனால் அது பள்ளத்தில் ஓடுகிறது. ஒகேனக்கல்லைவிட தருமபுரி நகரம் ஏறத்தாழ இருநூறு மீட்டர் உயரத்தில் இருக்கிறது. 1925இல் தொடங்கி 1934இல் மேட்டூர் அணை கட்டி முடிக்கப்பட்டபோது அணைத் தண்ணீர் பென்னாகரம் வட்டத்தின் ஓரம் வரைக்கும் வந்து நின்றது. அதற்காக ஆற்றங்கரை ஊர்கள் மூழ்கின, தண்ணீர் தஞ்சாவூர் டெல்டாவுக்குப் போயிற்று. டெல்டாவுக்குப் போனதில் எனக்கு வருத்தமில்லை, அங்கேயும் சாப்பிடுகிற மனிதர்கள்தான் இருக்கிறார்கள். ஆனால் ஆற்றைக் கண்ணால் பார்த்துக்கொண்டே எழுபது, எண்பது ஆண்டுகள் மேட்டு நிலத்துக்காரர்கள் பாறைக்குள்ளேயே தண்ணீர் தேடினார்கள் என்பதையும் எழுதிவைக்க வேண்டும்.

பழைய கிணறுகளைப் புகழ்ந்து பாட நான் வரவில்லை. ஊருக்குப் பொதுவான சேந்து கிணறு எல்லோருக்கும் பொதுவாக இருந்ததில்லை. காலனிப் பெண்கள் குடத்தோடு தள்ளி நின்று, யாராவது மனம் வைத்து ஊற்றுவார்களா என்று காத்திருந்த கிணறுகள் அவை. வெட்டிக் கொடுத்தவனே திரும்பி வந்து தண்ணீர் சேந்த முடியாத ஊர்களும் இருந்தன என்று அப்பா சொல்வார். படிக்கட்டு வைத்த கிணறுகளில் இறங்கித் தண்ணீர் மொண்டதால் நரம்புச் சிலந்தி பரவியது. ஒரு முழத்துக்கும் மேல் நீளமான புழு காலைப் பொத்துக்கொண்டு வெளியே வரும் நோய் அது. வருடா வருடம் வாந்திபேதியும் வந்தது. ஆழ்துளைக் கிணறும் அடிபம்பும் வந்தபோது மக்கள் ஏன் ஓடிப்போய் வரவேற்றார்கள் என்பது இதைத் தெரிந்தவர்களுக்குத்தான் விளங்கும்.

பீகார் வறட்சியின்போது, 1967 வாக்கில், கடினப் பாறையைக் காற்றழுத்தத்தால் இடித்துத் துளைக்கும் இயந்திரங்களை யுனிசெஃப் இந்தியாவுக்குக் கொண்டுவந்தது. நாமக்கல் மாவட்டத்தில் இருக்கும் திருச்செங்கோடு பிறகு நாடு முழுக்க ரிக் வண்டி அனுப்பும் ஊரானது. 1971இல் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியம் அமைந்தது. துளை போடுவது எளிதாகிவிட்டது, ஆனால் மேலே பொருத்திய வார்ப்பிரும்புப் பம்புகள் மாதக்கணக்கில் பழுதாகிக் கிடந்தன. சோலாப்பூரில் ஒரு மெக்கானிக் தானாகவே செய்த பம்பை அடிப்படையாக வைத்து ‘இந்தியா மார்க் 2’ என்ற அடிபம்பு உருவாக்கப்பட்டது. கோவைப் பகுதியில் சோதித்துப் பார்த்து, சென்னை ரிச்சர்ட்சன் அண்ட் குருடாஸ் ஆலையில் 1970களின் பிற்பாதியில் பெருமளவில் தயாரித்தார்கள். எங்கள் பக்கத்துத் தெருமுனைகளில் இன்றும் சில நிற்கின்றன. காலனிக்குள்ளேயே ஒரு அடிபம்பு நட்டதும் அங்கிருந்த பெண்கள் யாரிடமும் கையேந்தாமல் குடம் நிரப்பினார்கள். கிருமி இல்லாத தண்ணீர். நரம்புச் சிலந்தி தமிழ்நாட்டில் 1980களிலேயே ஒழிந்தது, நாடு முழுவதும் ஒழிந்துவிட்டதென்று 2000இல் சான்று கிடைத்தது. இந்த நன்மையைக் குறைத்துப் பேசுவது நியாயமில்லை.

ஆனால் அந்தத் தண்ணீரில் கிருமி இருக்கிறதா என்று பார்த்தவர்கள் அதில் கரைந்திருப்பது என்ன என்று கேட்கவில்லை. வங்கதேசத்திலும் இப்படித்தான் நடந்தது. குளத்துத் தண்ணீரால் குழந்தைகள் சாகிறார்கள் என்று குழாய்க் கிணறு போட்டார்கள், 1990களில் அதில் ஆர்சனிக் இருப்பது தெரிந்தது.

இங்கே கேட்டிருக்க முடியும் என்பதுதான் என் வயிற்றெரிச்சல். அமெரிக்காவில் கொலராடோ ஸ்பிரிங்ஸ் ஊருக்கு 1901இல் போன ஃபிரெடரிக் மெக்கே என்ற பல் மருத்துவர் அங்கே பிறந்து வளர்ந்தவர்களின் பல்லில் பழுப்புக் கறையைப் பார்த்து, காரணத்தைத் தேடிப் பல ஆண்டுகள் அலைந்தார். 1931இல் சர்ச்சில் என்ற வேதியியலாளர் தண்ணீரைச் சோதித்து அது ஃபுளோரைடு என்று கண்டுபிடித்தார். ஆறே வருடத்தில், 1937இல், சென்னை மாகாணத்தின் நெல்லூர் மாவட்டத்தில் முதுகு வளையாமல், கழுத்து திரும்பாமல் கிடந்த விவசாயிகளை ஷார்ட் என்ற மருத்துவரும் அவருடைய கூட்டாளிகளும் ஆராய்ந்து, இது ஃபுளோரோசிஸ் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சி இதழில் எழுதினார்கள். அன்றைக்கு நெல்லூரும் எங்கள் சேலம் ஜில்லாவும் ஒரே மாகாணம். அந்த மக்கள் குடித்தது கிணற்றுத் தண்ணீர்தான் என்பதால், திறந்த கிணறு எல்லாம் பத்திரம் என்றும் சொல்லிவிட முடியாது. ஆனால் முப்பது அடிக் கிணற்றில் ஒவ்வொரு மழைக்கும் புதுத் தண்ணீர் இறங்கிப் பழையதோடு கலக்கும். முந்நூறு அடி, ஐந்நூறு அடி ஆழத்தில் பாறை வெடிப்புக்குள் கிடக்கும் தண்ணீர், அபடைட், பயோடைட் போன்ற கனிமங்களோடு நெடுங்காலம் உறவாடிக் கிடந்த தண்ணீர். அதில் ஃபுளோரைடு ஏறுவதற்கு நேரம் நிறைய.

இதில் இன்னொரு கொடுமையும் உண்டு. ஊரில் தண்ணீரை நாக்கில் வைத்துப் பார்த்துத்தான் தரம் பிரிப்போம். நல்ல தண்ணி, உப்புத் தண்ணி, சப்பைத் தண்ணி. பருப்பு வேகாத, சோப்பு நுரைக்காத உப்புத் தண்ணியில் சுண்ணச்சத்து மிகுதி. சுண்ணச்சத்து இருந்தால் அது ஃபுளோரைடோடு சேர்ந்து திடமாகப் படிந்துவிடும், தண்ணீரில் கரைந்து நிற்கும் ஃபுளோரைடு குறையும். சுண்ணம் குறைந்து சோடியம் பைகார்பனேட் மிகுந்த மெல்லிய தண்ணீரில்தான் ஃபுளோரைடு தங்கும். அதாவது பருப்பு நன்றாக வேகிறது, வாய்க்கு இதமாக இருக்கிறது என்று பெண்கள் ஒரு மைல் நடந்து சுமந்து வந்த தண்ணீரே சில ஊர்களில் பிள்ளைகளின் பல்லைக் கெடுத்தது. நிறமில்லை, மணமில்லை, சுவையில் குற்றமில்லை. கொதிக்கவைத்துக் கொடுத்த தாய்க்கும் பலனில்லை, கொதித்தால் நீர் வற்றும், ஃபுளோரைடு அப்படியே நிற்கும்.

வகுப்பில் எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்தது இதுதான். முதலில் பல்லில் சுண்ணாம்பு தடவியதுபோல் வெள்ளைத் திட்டு, பிறகு மஞ்சள், பிறகு பழுப்புக் கோடு. எட்டாம் வகுப்புப் பெண் பிள்ளைகள் குரூப் போட்டோவுக்கு உதட்டை இறுக்கிக்கொண்டு நிற்பார்கள். பல் துலக்குவதில்லை என்று வீட்டில் திட்டு விழும். செங்கல் பொடியும் அடுப்புக் கரியும் வைத்துத் தேய்த்துத் தேய்த்து ஈறில் ரத்தம் வரவைத்துக்கொண்ட பையனை நான் பார்த்திருக்கிறேன். அது எனாமலுக்குள் இருக்கும் கறை, தேய்த்தால் போகாது. பெண் பார்க்க வருகிறவர்கள் எந்த ஊர் என்று கேட்டதும் பல்லைப் பார்த்தார்கள். ஐம்பது வயதில் குனிந்து நாற்று நட முடியாமல், சம்மணம் போட்டு உட்கார முடியாமல் போனவர்களுக்கு வாதம் என்று தைலம் தடவினார்கள். என் அப்பாவுக்கு முதுகு கடைசி வரை வளைந்தது. அவருக்குப் பின்னால் போர் தண்ணீர் குடித்து வளர்ந்த என் சித்தப்பா மகனுக்கு நாற்பத்தைந்திலேயே வளையவில்லை.

படிகாரமும் சுண்ணாம்பும் சேர்த்து ஃபுளோரைடைப் படியவைக்கும் நல்கொண்டா முறையை நாக்பூர் நீரி நிறுவனம் கண்டுபிடித்துக் கொடுத்தது. அளவு பார்த்துத் தினமும் கலக்க வேண்டிய வேலை, கிராமங்களில் அது நிலைக்கவில்லை. கடைசியில் ஆற்றுத் தண்ணீரே வழி என்றானது. 2008 பிப்ரவரி 26இல் முதலமைச்சர் கருணாநிதி ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் மற்றும் ஃபுளோரோசிஸ் தணிப்புத் திட்டத்துக்கு அடிக்கல் நாட்டினார். அடுத்த மாதமே கர்நாடகத்தில் எதிர்ப்பு எழுந்தது. அங்கே தேர்தல் முடியட்டும் என்று ஏப்ரலில் திட்டம் கொஞ்சநாள் நிறுத்திவைக்கப்பட்டது. எங்கள் பிள்ளைகளின் பல் அப்போது இரண்டு மாநிலத்து மேடைகளில் அடிபட்டது. ஜப்பானின் ஜைக்கா கடனுதவியோடு 1,928 கோடி ரூபாய் செலவில் கட்டி முடிக்கப்பட்ட திட்டத்தை 2013 மே 29இல் முதலமைச்சர் ஜெயலலிதா தொடங்கிவைத்தார். ஆண்டுக்கு எடுப்பது 1.4 டி.எம்.சி., தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டங்களிலும் சேர்த்து ஏறக்குறைய முப்பது லட்சம் பேருக்கு. ஒகேனக்கல்லில் எடுத்து, சுத்திகரித்து, மேடு மேடாக ஏற்றி, மடம் பகுதியிலிருந்து பிரித்து அனுப்புகிறார்கள். அடிக்கல் கட்சிக்கு ஒரு பெருமை, திறப்பு கட்சிக்கு ஒரு பெருமை என்று இருவரும் பங்கு போடட்டும். இரண்டு அரசுகளும் செய்தது நல்ல காரியம். இந்த மாவட்டத்துக்குச் சுதந்திரத்துக்குப் பிறகு நடந்த நன்மைகளில் இதைத்தான் நான் முதலில் வைப்பேன்.

அது வந்த பிறகும் வேலை முடியவில்லை. மின்சாரம் போனால், குழாய் உடைந்தால், கோடையில் ஆறு வற்றினால் வரும் தண்ணீர் குறைகிறது. குறைந்ததும் மேல்நிலைத் தொட்டியில் போர் தண்ணீரைக் கலந்துவிடுகிற பழக்கம் பல ஊர்களில் இருக்கிறது. குழாயில் வருவது எல்லாம் ஒகேனக்கல் தண்ணி என்று நம்பிக் குடிக்கிறோம். இன்னொரு பக்கம், ஆற்றுத் தண்ணீர்தான் வந்துவிட்டதே என்று ஏரிக்கரையை உடைத்து வீட்டு மனை போடுகிறார்கள், அப்பா வெட்டிய கிணறுகளில் குப்பை கொட்டுகிறார்கள். ஏரியும் கிணறும் போனால் நிலத்துக்குள் மழை இறங்காது, இன்னும் இருநூறு அடி கீழே போவோம், அங்கே இருக்கும் தண்ணீர் இன்னும் பழைய தண்ணீராக இருக்கும்.

லிட்டருக்கு ஒரு மில்லிகிராமுக்குள் ஃபுளோரைடு இருக்க வேண்டும் என்பது இந்தியத் தர அளவு. வேறு வழியே இல்லாத இடத்தில் ஒன்றரை வரைக்கும் ஒத்துக்கொள்கிறார்கள். அதைப் பார்க்கும் களப் பரிசோதனைப் பெட்டியை ஊராட்சிகளுக்குக் கொடுத்திருக்கிறார்கள், சோதிக்கப் பெண்களுக்குப் பயிற்சியும் தந்திருக்கிறார்கள். உங்கள் ஊர்த் தொட்டியில் எந்தத் தண்ணீர் ஏறுகிறது, எந்தெந்த நாளில் போர் தண்ணீர் கலக்கிறார்கள், கடைசியாக எப்போது சோதித்தார்கள் என்று அடுத்த கிராம சபையில் எழுந்து கேளுங்கள். பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். நிரந்தரப் பல்லின் எனாமல் எட்டு வயதுக்குள் உருவாகிவிடுகிறது, வீட்டில் அந்த வயதுக்குக் கீழே பிள்ளை இருக்கிறவர்கள் அடுத்த கூட்டம் வரைக்கும்கூடக் காத்திருக்க வேண்டாம், நாளைக்கே ஊராட்சி அலுவலகத்துக்குப் போய்க் கேளுங்கள்.